மகளுக்கு: அந்த 6 வீதம்

அன்புள்ள பிள்ளை,

நீ நேற்று அனுப்பிய குரல்பதிவை நானும் அம்மாவும் மூன்று தரம் போட்டுக் கேட்டோம். சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமங்களான சிலிக்கேட்டுகளில் தெரிந்த எதனோடும் ஒத்துவராத ஒரு சின்னக் கனிம மணி உன் கல்துண்டுக்குள் கிடக்கிறது என்பது மட்டும் விளங்கியது. அம்மா உடனே பம்பலப்பிட்டிச் சித்திக்குச் சொல்லிவிட்டா. சித்தி கேட்ட முதல் கேள்வி, எத்தனை கரட்? தலைமயிர்த் தடிப்புத்தான் என்றதும் போனை வைத்துவிட்டா.

எனக்கு நித்திரை வராததற்குக் காரணம் வேறு. இலத்திரன் கதிர் பாய்ச்சி எந்த மூலகம் எத்தனை வீதம் என்று அளக்கிற மைக்ரோபுரோபில் எல்லாவற்றையும் கூட்டினால் 94 வீதம்தான் வருகிறது, கூட வேலை செய்கிறவர் அதை 100 ஆக்கி எழுதச் சொல்கிறார் என்று போகிற போக்கில் சொன்னாயே, அதுதான்.

அப்படிச் செய்யாதே. கொழும்புச் செட்டியார் தெருவில் நாற்பது வருடம் இரத்தினக் கல் பார்த்தவன் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னம், இரத்தினபுரி மாவட்டத்து எஹெலியகொடப் பக்கமிருந்து ஒருவர் ஒரு பச்சைக் கல் கொண்டுவந்தார், கொஞ்சம் கலங்கல். முனைவாக்கிய ஒளியில் கல்லைப் பார்க்கிற போலரிஸ்கோப்பில் எப்படித் திருப்பினாலும் இருட்டு, கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிமுறிவு எண் 1.6-க்குச் சற்றுக் கீழே, அதுவும் கண்ணாடிக்கு ஒத்துவரும். அடர்த்தி மட்டும் இடித்தது. தராசில் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணாடி ஐயா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எகனைட் பற்றி வாசித்தது அதற்குப் பல வருடம் கழித்து. அதே எஹெலியகொடவில் 1953-இல் எக்கநாயக்க என்பவர் கண்டெடுத்து, 1961-இல் புதுக் கனிமமென்று பெயர் பெற்ற கல்சியம் தோரியம் சிலிக்கேட். தோரியத்தின் கதிரியக்கம் கோடிக்கணக்கான வருடங்களாக உள்ளிருந்தே பளிங்கு அமைப்பை உடைத்து நொறுக்கிவிட்டதால் எக்ஸ்ரே பிடித்தாலும் ஒழுங்கான கோலம் வராது, வெளியே பார்க்கக் கண்ணாடி மாதிரியே கிடக்கும். சூடாக்கினால்தான் அணுக்கள் மறுபடி வரிசைக்கு வரும். அன்றைக்கு கதிரியக்கம் அளக்கும் ஒரு கைகர் கருவியைப் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். என் கையில் இருந்தது எகனைட்தானா என்று இனி யாரும் சொல்ல முடியாது, ஆனால் அந்த அடர்த்தி என்னிடம் எதையோ சொல்லத்தான் பார்த்தது.

உன் 6 வீதமும் அப்படித்தான். மைக்ரோபுரோபுக்கு ஐதரசனும் லிதியமும் கண்ணில் படாது, போரனையும் பிடிப்பது கஷ்டம் என்று நீதானே எனக்குப் படிப்பித்தாய். அப்படியென்றால் முதலில், சிதறும் ஒளியை வைத்துப் பார்க்கிற ராமன் சோதனை எடுத்து நீர் இருக்கிறதா என்று பார். அப்புறம் லேசர் வைத்து லிதியத்தையும் போரனையும் அள. ஒற்றைப் பளிங்கு எக்ஸ்ரேயில் அணுக்கள் உட்காரும் இடங்கள் தெரிந்தால், எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மணி சின்னது, தேய்ந்து போய்விடும் என்ற பயம் இருந்தால் லேசர் மாதிரி மணியை அரிக்கும் சோதனையைக் கடைசிக்கு விடு. மாதிரிக் கல் என்று மியூசியத்தில் வைக்கவும் கொஞ்சம் மிச்சம் வேண்டுமே.

ஆனந்த குமாரசுவாமியை எல்லாரும் கலைக்காரர் என்றுதான் நினைக்கிறார்கள். கொழும்பில் பிறந்த மனிசன், முதலில் கல் ஆராய்ச்சிதான் செய்தார். பிரையர் என்பவரோடு சேர்ந்து அவர் 1903-இல் விபரித்த செரண்டிபைட்டும் சிலிக்கேட்தான், ஆனால் போரனும் உள்ள சிலிக்கேட். உன் மணியிலும் போரன் இருந்தால் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும், இது தகப்பனின் பக்கச்சார்பு, ஆராய்ச்சியில் சேர்க்காதே.

பெயர் விஷயம். உலகக் கனிமவியல் சங்கத்தின் குழு வாக்களித்து ஒப்புக்கொள்ளும்வரை பெயரை வெளியே விடக்கூடாது, கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைக்கவும் கூடாது என்று அம்மாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். அப்போ என் பெயரை வைக்கலாமே என்று அம்மா கேட்கிறா. சித்தியின் வாயை அடைக்கிற வேலையை நான் பார்க்கிறேன், நீ 94-ஐ 94 என்றே எழுதிவை.

இன்னொன்று. இவ்வளவு சொன்னாய், நிறம் என்னவென்று சொல்லவில்லை. மைக்ரோஸ்கோப்பில் ஒரு படம் எடுத்து அனுப்பு, பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

அப்பா
வெள்ளவத்தை