பழைய நிரலை இப்போதே நிறுத்திவிடாதீர்கள்

மென்பொருள் திட்டங்களுக்குக் காலக்கெடு வைக்கும் மேலாளர்களுக்கு,

வணக்கம். "ஏற்கெனவே ஓடுகிற நிரல்தானே, அதை அப்படியே வேறு மொழியில் எழுதிவிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நாங்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த 'அப்படியே'யில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அன்றே சொல்லாதது எங்கள் தப்புதான். இப்போது சொல்கிறேன்.

வகுத்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு எண் வகுத்தலில் -7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் என்ற நிரல் மொழி -4 என்கிறது, ஜாவா என்ற மொழி -3 என்கிறது. -3.5ஐ ஒன்று கீழ்நோக்கி இறக்குகிறது, மற்றது பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுகிறது. அந்தந்த மொழியின் விதிப்படி இரண்டுமே சரி. அதனால் பிழைச் செய்தி எதுவும் வராது.

நான் மாட்டிக்கொண்டது இன்னொரு இடத்தில். வேலை நேரத்தை முழு மணிக் கணக்காக்கும் நிரல் ஒன்றைப் பைத்தான் 3இலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினேன். பின்ன எண்ணை முழு எண்ணாக்கும் கட்டளைக்கு இரண்டு மொழியிலும் 'ரவுண்ட்' என்றே பெயர் இருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆனால் 2.5ஐப் பைத்தான் 2 ஆக்கும், ஜாவாஸ்கிரிப்ட் 3 ஆக்கும். பாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளிவிடும். 3.5 என்றால் இரண்டுமே 4 என்று ஒத்துப்போகும், அதுதான் கொடுமை. நிரலைச் சரிபார்க்க நான் எழுதிய டெஸ்டுகளில் 3.5 இருந்தது, 2.5 இல்லை. எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. மாதக் கடைசிக் கூட்டுத்தொகை இடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எழுத்துகளும் அப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம், நாம் எண்ணுவது போலவே எண்ணும் ஸ்விஃப்ட் மொழியில் 3, உயிர்க்குறியையும் மெய்ப்புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் பைத்தான் 3இல் 5, பைட்டுகளாக (கணினி சேமிக்கும் சிறு அலகுகளாக) எண்ணும் கோ மொழியில் 15. பெயருக்கு 20 எழுத்து வரம்பு வைத்த நிரலை யோசிக்காமல் மாற்றினால், பாதிப் பெயர் அறுந்துபோகும்.

கருவி இருக்கிறதே என்பீர்கள். பைத்தான் 2இலிருந்து 3க்கு மாற்றவும் ஒரு கருவி இருந்தது. இலக்கணத்தை அது திருத்தியது. ஆனால் பழைய பதிப்பில் 3 ஆக இருந்த 7/2, புதியதில் 3.5 ஆனதை அதனால் சரிசெய்ய முடியவில்லை. எழுதியவர் மனதில் எந்த விடை இருந்தது என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? ஒரே மொழியின் இரண்டு பதிப்புகளுக்கே இந்தப் பாடு. 2008இல் பைத்தான் 3 வந்தும், பழையதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 வரை நீண்டது.

சரி, கேட்பது என்ன? பழைய நிரலைக் கொஞ்ச நாள் கூடவே ஓடவிடுங்கள். ஒரே உள்ளீட்டை இரண்டுக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடுகிறோம். அதுவரை புதிய வசதி எதையும் நுழைக்காதீர்கள்; நுழைத்தால் வித்தியாசம் எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும். அப்புறம், பழைய நிரலின் தவறான விடைகளையே நம்பி வேறு வேலைகள் நடக்கக்கூடும். அவற்றைத் திருத்துவதா, அப்படியே விடுவதா என்பதை அந்த வேலை தெரிந்த ஒருவர் முடிவு செய்யட்டும். எங்களிடம் விட்டால் நாங்கள் ஆர்வக்கோளாறில் திருத்திவிடுவோம்.

அடுத்த கூட்டத்தில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காமல், நேற்று எத்தனை விடைகள் ஒத்துப்போகவில்லை என்று கேளுங்கள். பட்டியலோடு வருகிறோம்.

இப்படிக்கு,
நிரல் மாற்றும் வேலையில் இருக்கும் ஒருவன்