மரத்துப்போன காலும் கோயில் வாசலும்

ஆசிரியருக்கு,

இனிப்பு நீர் (நீரிழிவு) பற்றிய பேச்செல்லாம் சோற்றின் அளவோடும் சர்க்கரை எண்ணோடும் நின்றுவிடுகிறது. அந்த நோயால் கால் மரத்துப்போனவர் எப்படி நடமாடுவது என்பதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

கை கால்களுக்குப் போகும் நரம்புகள் கெடும் இந்தப் புற நரம்பு பாதிப்பில் பெரும்பாலும் முதலில் குறைவது உணர்வு. பலம் குறைவது பிறகு. கால்விரல் நுனியில் தொடங்கும் மரப்பு, காலுறை போட்டதுபோல் மேலேறும். பாதம் எங்கே, எந்தச் சாய்வில் ஊன்றியிருக்கிறது என்ற செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போகாததால், கண்தான் சமநிலையைக் காக்கிறது. விளக்கு அணைந்தாலும், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாலும் தள்ளாட்டம் வருவது இதனால்தான். பகலில் நன்றாகத்தானே நடக்கிறார் என்று வீட்டார் ஏமாந்துபோகிறார்கள்.

ஆகவே படுக்கையிலிருந்து கழிவறை வரை, ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு விளக்குகளைத் தாழ்வாகப் பொருத்துங்கள். முகம் கழுவும்போது ஒரு கை எதையாவது தொட்டிருக்கட்டும். விரல் நுனி இலேசாகப் பட்டாலே ஆட்டம் குறையும். கைத்தடி உதவுவதும் ஓரளவு இப்படித்தான். காலணியோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். அதற்கு மேல் இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். அடி ரப்பர் தேய்ந்த தடி ஈரத் தரையில் வழுக்கும்.

65 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் வசிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு, மூத்தோர் வீட்டில் பாதுகாப்பாக நடமாட உதவும் ‘ஈஸ்’ திட்டத்தில் கைப்பிடி, வழுக்காத் தரைப் பூச்சு, சாய்தளம் ஆகியவற்றை மானிய விலையில் பெறலாம். அன்றாடக் காரியங்களுக்கு உதவி தேவைப்படுபவர் என்றால் 60 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் துளை போட ஆள் வருவதற்கு முன்பே, சம்பந்தப்பட்டவரைக் கழிவறையில் உட்கார்ந்து எழச் சொல்லி, கை தானாகப் போகும் இடத்தில் டேப் ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கைப்பிடி துண்டு காயப்போடத்தான் பயன்படும். சுவரில் உறிஞ்சி ஒட்டும் வகையை நம்பி உடல் எடையைப் போடக்கூடாது. சுவர் ஓடுகளின் இடுக்கு வழியாகக் காற்று புகுந்தால் சொல்லாமல் கழன்றுவிடும்.

வீட்டுக்குள்ளும் காலணி வேண்டும். விரலிடுக்கில் வார் உள்ள ஜப்பான் சிலிப்பர் வேண்டாம்: அது கழன்றதும் தெரியாது, புண் ஆக்கியதும் தெரியாது. குதிகாலைப் பிடிக்கும் வாரும், கெட்டியான, அதிகத் தடிப்பில்லாத அடிப்பாகமும் இருக்கட்டும். பஞ்சுபோன்ற அடி சுகமாகத் தோன்றினாலும் மிச்சமிருக்கும் உணர்வையும் மழுக்கும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள். பொருந்துகிறதா என்று காலிடம் கேட்டுப் பயனில்லை. பாதத்தை அட்டையில் வரைந்து வெட்டி உள்ளே வையுங்கள். ஓரம் மடிந்தால் அது சிறிய காலணி. அணியும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சுடுவது தெரியாது என்பதால் சூட்டு ஒத்தடமும் சுடுநீர்ப்பையும் வேண்டவே வேண்டாம்.

காரணம் எப்போதும் சர்க்கரையாகவே இருக்காது. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும் என்பதால், மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களும் சைவ உணவுக்காரர்களும் அதன் அளவைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்காக ‘நரம்பு வைட்டமின்’ மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் பல மாதம் விழுங்குவது ஆபத்து. சிலவற்றில் பி6 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது; நம் அன்றாடத் தேவையோ 2 மில்லிகிராமுக்கும் குறைவு. மிகுந்த பி6 நரம்பையே கெடுக்கும்.

சாலையைக் கடக்கும்போது சமிக்ஞை விளக்குக் கம்பத்திலுள்ள ‘கிரீன் மேன் பிளஸ்’ கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால், கடப்பதற்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாகக் கிடைக்கும். கூச்சப்படாமல் தட்டுங்கள்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். உச்சி வெயிலில் வெளிப்பிரகாரத் தரை சுடுவதை இவர்களின் பாதம் சொல்லாது; கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். சுற்றுப்பாதையில் விரிப்புப் போடுங்கள், சுத்தமான காலுறையை அனுமதியுங்கள். செருப்பைக் கழற்ற ஒற்றைக்காலில் நிற்பதுதான் இவர்களுக்கு மிகவும் சிரமம். வாசலில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் இரண்டு போட்டாலே பலர் மறுபடி கோயிலுக்கு வருவார்கள்.

இயன்மருத்துவர்,
ஈசூன்