தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து வேண்டும்: ஒரு சந்தாதாரரின் புகார்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: தமிழ் சப்டைட்டில் இல்லாமற் போனமை, இரண்டு மாதச் சந்தாப் பணத்தைத் திருப்பித் தருதல்

ஐயா / அம்மணி,

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு லேனில் அம்மாவுடன் வசிக்கிறேன். 2021 கடைசியிலிருந்து, இணையத்தில் படங்களும் தொடர்களும் காட்டும் உங்கள் சேவையின் சந்தாதாரர். ஒரு மாதம்கூடக் காசு பிந்தியதில்லை.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு காதும் மந்தம். கருவி வைத்திருக்கிறார். ஆனால் எங்கள் லேனின் அந்தத்தில் கரையோர ரயில் பாதை. ரயில் போகும்போதெல்லாம் அந்த இரைச்சலையும் கருவி சேர்த்துத் தூக்கிக் கொடுப்பதால், பின்னேரத்தில் அதைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் வைத்துவிட்டுத்தான் டீவிக்கு முன்னால் வந்து உட்காருவார். அதற்குப் பிறகு அவருக்கு எல்லாமே எழுத்துதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள் வாசிப்பார். பகிடி வரும் இடத்தில் எங்களைவிட அரைச் செக்கன் முந்திச் சிரிப்பார், ஏனென்றால் நடிகர் பேசி முடிக்குமுன் வரி முழுவதும் திரையில் வந்துவிடும். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் உங்களுக்குக் காசு கட்டினேன்.

அம்மா விரும்பிப் பார்க்கும் கொரியத் தொடர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. முதல் இரண்டு சீசனுக்கும் தமிழ் சப்டைட்டில் இருந்தது, வடிவான தமிழ். இரண்டு மாதத்துக்கு முன் மூன்றாவது சீசன் வந்தது. திறந்து பார்த்தால் சப்டைட்டில் பட்டியலில் தமிழைக் காணவில்லை. கணக்கின் மொழியை மாற்றிப் பார்த்தேன், வெளியேறித் திரும்ப உள்நுழைந்தேன், செயலியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. சென்னையில் இருக்கும் மச்சாளிடம் கேட்டதற்கு, அதே தொடர், அதே சீசன், அதே பாகத்தைத் தன் டீவியில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். பட்டியலில் தமிழ் இருந்தது. ஆக, அந்த எழுத்தை நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறீர்கள். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சேவைப் பிரிவுடன் மூன்று முறை சாட்டில் கதைத்தேன். மூன்று முறையும் ஆங்கிலத்தில்தான். முதலாமவர், உள்ளடக்கம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்றார். படங்களின் உரிமையை நாடு நாடாக வாங்குகிறீர்கள் என்பது எனக்கும் தெரியும். ஒரு படமே இங்கு இல்லையென்றால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வேன். படம் இருக்கிறது, அதன் எழுத்து மட்டும் இல்லை என்பதற்கு அது பதிலாகாது. இரண்டாமவர், தமிழ் டப்பிங் இருக்கிறதே, அதைப் போட்டுப் பார்க்கலாமே என்றார். அம்மாவுக்குக் காது கேட்காது என்று அதற்கு முன்பே நான் எழுதியிருந்தேன்.

மூன்றாமவரிடம் இன்னொன்றையும் கேட்டேன். உங்களிடம் இருக்கும் தமிழ்ப் படங்களில் நான் திறந்து பார்த்த அத்தனைக்கும் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது, தமிழ் சப்டைட்டில் இல்லை, ஏன் என்று. அவர் திருப்பிக் கேட்டார்: "அவர்கள் பேசுவதே தமிழ்தானே, பிறகு எதற்குத் தமிழ் எழுத்து?" அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்தக் கேள்விதான்.

சப்டைட்டில் மொழி தெரியாதவர்களுக்கு மட்டுமானது அல்ல. காது கேளாதவர்களுக்கு அதுதான் படத்தின் ஒலி. அமெரிக்காவில் காது கேளாதோர் தேசியச் சங்கம் நெட்பிளிக்ஸ் மீது வழக்குப் போட்டு, 2012இல் உடன்பாடு ஏற்பட்டு, 2014க்குள் எல்லாப் படங்களுக்கும் எழுத்துப் போடுவதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதனால் அங்குள்ள ஒரு முதியவர் ஆங்கிலப் படத்தை ஆங்கிலத்திலேயே வாசித்துப் பார்க்க முடிகிறது. எங்கள் அம்மா தமிழ்ப் படத்தைத் தமிழில் வாசிக்கக் கேட்பதும் அதே விஷயம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. தொலைக்காட்சியும் திரைப்படமும் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும் என்று அதன் 30ஆம் உறுப்புரை சொல்கிறது.

பெறுமதியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் டொலர் 200 ரூபாய் சொச்சம், என் 9.99 டொலர் திட்டம் ஏறத்தாழ 2,000 ரூபாய். மே மாதத்தில் டொலர் 360க்குப் போனது, அதே திட்டத்துக்கு 3,600 கட்டினேன். இப்போது 3,000 அளவில் நிற்கிறது. அதற்கு மேல் வங்கிக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும். எச்.டி.யில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும், அந்த டேட்டாவுக்கும் தனிக் காசு. அப்படியும் நிறுத்தவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்தபோது, கறண்ட் இருந்த நேரத்தில் டெப்பில் இறக்கி வைத்த பாகங்களைத்தான் அம்மா இருட்டில், அந்த வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் உங்கள் சேவை எங்கள் வீட்டுக்குப் பெரிய துணை. அதை மறக்கமாட்டேன். மூட்டு வலியால் பக்கத்திலிருக்கும் சவோய் தியேட்டருக்குக்கூட அம்மாவால் போக முடியாது. போனாலும் அங்கே தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து வராது. அதனால்தான் விலையைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டு அதே விலையை வாங்குகிறீர்கள் என்பதுதான் புகார்.

நான் கேட்பது இதுதான். அந்தத் தொடரின் மூன்றாவது சீசனுக்கு, சென்னையில் இருக்கும் தமிழ் எழுத்தை இங்கும் திறந்துவிடுங்கள். அது நாளைக்கே செய்யக்கூடிய வேலை என்று நினைக்கிறேன். தமிழ்ப் படங்களுக்குத் தமிழ் எழுத்துப் போடுவதற்கு நாள் எடுக்கும், விளங்குகிறது. ஆனால் எப்போது தொடங்குவீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், இறக்கி வைக்கும் பாகங்களில் சில வேளை ஆங்கில எழுத்து மட்டும்தான் சேர்ந்து வருகிறது. எந்த மொழி வேண்டும் என்று இறக்குமுன் தெரிவுசெய்ய வசதி தாருங்கள். அம்மாவால் பார்க்க முடியாமற்போன இரண்டு மாதத்துக்கான 19.98 டொலரை என் அட்டைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த கட்டணம் வருகிற 18ஆம் திகதி கழியும். அதற்குள் பதில் வராவிட்டால் சந்தாவை நிறுத்திவிட்டு, இந்தக் கடிதத்தின் பிரதியுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவேன். பதில் தமிழிலோ ஆங்கிலத்திலோ வரட்டும், ஆனால் இந்தக் கடிதத்தை முழுதாக வாசித்த ஒருவர் எழுதட்டும். மூன்றாவது சீசனின் முதல் பாகம் நாலாவது நிமிடத்தில் அப்படியே நிறுத்தி வைத்தபடி இருக்கிறது. அம்மா அதை அழிக்க வேண்டாம் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06

இணைப்பு: சென்னையில் டீவித் திரையை எடுத்த படம் ஒன்று, எங்கள் டீவியில் எடுத்த படம் ஒன்று, சாட் உரையாடல்கள் மூன்று