மாசி மகத்துக்கு முன்பே வந்துவிடு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி, அது புதிதில்லை. அன்று போனில் பேசியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீ வைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து டாக்டர் ஜேக்கப் ஜானைப் பாராட்டி ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். பேசப்போவது நான்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை மருத்துவராகவும் வைரஸ் ஆராய்ச்சியாளராகவும் இருந்தவர். மூன்று தவணை சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கும் போலியோ வருகிறதே என்று ஆராய்ந்து, வெளிநாட்டுக் கணக்கு இங்கே செல்லாது, நம் பிள்ளைகளுக்கு மூன்று போதாது என்று காட்டினார். ஊசியும் வேண்டும் என்று எத்தனையோ வருடம் வாதாடினார். அது அரசின் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்ததோ 2015-ல்தான். பெரியவர்கள் சொன்னால் யார் உடனே கேட்கிறார்கள்?

நான் சொட்டு மருந்து கொடுக்கப் போகும்போது தேவனாம்பட்டினத்தில் என்னை நிற்க வைத்துக் கேட்பார்கள், "போன மாதம்தானே நர்ஸம்மா கொடுத்தீர்கள், மறுபடியும் எதற்கு?" என்று. அவர் கண்டுபிடித்ததைத்தான் எனக்குத் தெரிந்த மொழியில் சொல்வேன். குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தின் அளவுக்குக் கறுத்துவிட்டால் மருந்து கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதைக் காட்டிவிட்டுத்தான் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்வேன். பிறகு இடது சுண்டு விரலில் மை. ஐஸ் பெட்டியின் வார் அழுத்திய தழும்பு இன்னும் என் தோளில் இருக்கிறது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் நம் நாட்டில் கடைசியாக நோய் கண்டது 2011 ஜனவரியில், ஹௌராவில் ஒரு சிறுமிக்கு. அதற்குப் பிறகு அந்த வைரஸால் யாருக்கும் வரவில்லை. அதில் உன் அம்மாவின் நடையும் உண்டு. நீ பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

மாப்பிள்ளை நிறையப் படிக்கிறவர். அவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. குழந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? இந்த மாதம் ஒன்பது முடிகிறது, இல்லையா? உன்னுடைய தடுப்பூசி அட்டை இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. அவனுடைய அட்டையையும் கையோடு எடுத்து வா, சும்மா பார்க்கத்தான்.

மாசி மகத்துக்கு வருவதாகச் சொன்னாயே, ஒரு வாரம் முன்பே வந்துவிடு. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறாதே, திங்கட்கிழமையே கிளம்பு. புதன்கிழமை காலையில் குழந்தை களைப்பில்லாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அவர் மகத்தன்று வந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா