‘தரவு வெளியே போகாது’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் விசைப்பலகையோ உடல்நலச் செயலியோ, திறன்பேசியில் எதை இறக்கினாலும் இப்போது ஒரு வாசகம் கண்ணில் படுகிறது: ‘உங்கள் தரவு உங்கள் கைப்பேசியைவிட்டு வெளியே போகாது.’ பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் தரவின் தடம் வெளியே போகிறது. சிங்கப்பூர்த் தமிழரைப் போன்ற சிறிய சமூகத்தில் அந்தத் தடம் ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

தரவைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு செயலியின் கணிப்பு மாதிரிக்கு (அடுத்த சொல்லை ஊகிப்பது போன்ற வேலையைச் செய்யும் எண்களின் தொகுப்பு) பயிற்சி தரும் முறைக்கு ஃபெடரேடட் லேர்னிங் என்று பெயர். கூட்டுக் கற்றல் எனலாம். கூகல் ஆய்வாளர்கள் 2016ல் முன்வைத்தார்கள். மறு ஆண்டே ஜிபோர்டு விசைப்பலகையில் சோதனை தொடங்கியது. நிறுவனத்தின் மையக் கணினியான சேவையகம் மாதிரியின் நகலைக் கைப்பேசிக்கு அனுப்பும். கைப்பேசி பயன்பாட்டில் இல்லாமல், மின்னேற்றத்திலும் வைஃபையிலும் இருக்கும் நேரத்தில் அந்த நகலுக்குப் பயிற்சி தரும். பிறகு, மாதிரியின் எண்கள் எவ்வளவு மாறின என்பதை மட்டும் திருப்பி அனுப்பும். பல கைப்பேசிகளின் மாற்றங்களைச் சராசரி எடுத்தால் புதிய மாதிரி தயார். இது ஒரு சுற்று; இப்படிப் பல சுற்றுகள் நடக்கும்.

ஓட்டை அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அடுத்த சொல்லை ஊகிக்கும் மாதிரிக்கு 10,000 சொற்கள் தெரியும் என்றால், உள்ளீட்டு அடுக்கில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசை எண்கள் உண்டு. நீங்கள் தட்டிய சொற்களின் வரிசைகள் மட்டுமே மாறும், மற்றவை அப்படியே கிடக்கும். எவை மாறின என்று பார்த்தாலே ‘கீமோ’, ‘விவாகரத்து’, ‘கடன்’ என்று நீங்கள் எழுதியது தெரிந்துவிடும். இப்படிப்பட்ட மாற்றங்களிலிருந்து பயிற்சிப் படங்களையும் வாக்கியங்களையும் மீட்க முடியும் என்று எம்ஐடி ஆய்வாளர்கள் 2019ல் காட்டினார்கள்.

இதற்கு முதல் காப்பு முகமூடிக் கூட்டல். இரண்டு கைப்பேசிகள் தங்களுக்குள் 40 என்ற ரகசிய எண்ணை முகமூடியாக வைத்துக்கொள்கின்றன. ஒன்றின் மாற்றம் 5, அது 45 என்று அனுப்பும். மற்றதன் மாற்றம் 3, அது 40ஐக் கழித்து -37 என்று அனுப்பும். சேவையகத்துக்குத் தெரிவது கூட்டுத்தொகை 8 மட்டுமே. இடையில் ஒரு கைப்பேசியின் இணைப்பு அறுந்தால் 40 கழியாமல் நின்று மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். அதனால் ரகசியத்தைத் துண்டுகளாக்கி மற்றக் கைப்பேசிகளிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பார்கள். போதிய துண்டுகள் சேர்ந்தால் விட்டுப்போன முகமூடியை மீட்கலாம்.

ஆனால் இது போதாது. ஒரே ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப எழுதிய முகவரியை மாதிரியே மனப்பாடம் செய்து, வேறொருவருக்குப் பரிந்துரையாகக் காட்டக்கூடும். எனவே ஒவ்வொரு கைப்பேசியின் மாற்றத்துக்கும் உச்சவரம்பு வைத்து வெட்ட வேண்டும்; பிறகு கூட்டுத்தொகையில் அந்த வரம்புக்கு ஏற்ற இரைச்சலை, அதாவது குருட்டாம்போக்கில் எடுத்த எண்களை, கலக்க வேண்டும். வரம்பு வைக்காமல் இரைச்சலை மட்டும் கலந்தால் எந்த உத்தரவாதமும் கிடையாது. எவ்வளவு கசியலாம் என்பதை எப்சிலான் என்ற எண்ணால் குறிப்பார்கள். 1ஐ ஒட்டி இருந்தால் வலுவான காப்பு. 10ஐத் தாண்டினால், அந்த எண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தமிழுக்குச் சிக்கல் இங்கேதான். 10,000 பேர் சேரும் சுற்றில் சராசரியைத் தொடாத இரைச்சல், 100 பேர் சேரும் சுற்றில் அதையே 100 மடங்கு அதிகமாகக் கலைக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. இவர்களில் தமிழில் தட்டச்சு செய்வோர் இன்னும் குறைவு. மாதிரி தேற வேண்டும் என்று இரைச்சலைக் குறைக்கும் ஆசை நிறுவனங்களுக்கு வரும். அதை அனுமதிக்கக் கூடாது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியப் பயனர்களோடு சேர்த்துப் பயிற்றுவித்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் ‘வீவக’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), ‘மசேநிதி’ (மத்திய சேமநிதி) போன்ற நம் ஊர்ச் சொற்கள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும்.

எங்கள் யோசனை இது. அச்சில் வந்த தமிழை வைத்து அடிப்படை மாதிரியை முதலில் பயிற்றுவிக்கலாம். நம் ஊர்ச் சொற்கள் நாளிதழ்களில் தினமும் வருகின்றன. அதற்கு எவருடைய கைப்பேசியும் தேவையில்லை. உரிய அனுமதியுடன் பழைய இதழ்களைத் தந்து உங்கள் நாளிதழும் உதவலாம். அதன் பிறகு கூட்டுக் கற்றல் சில சுற்றுகள் போதும். தனிப்பட்ட பழக்கங்களுக்கான கடைசிப் பயிற்சி கைப்பேசியிலேயே நடந்து அங்கேயே தங்கட்டும்.

செயலி நிறுவனங்கள் மூன்று எண்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: ஒரு சுற்றில் குறைந்தது எத்தனை கைப்பேசிகள், எப்சிலான் எவ்வளவு, ஒரே கைப்பேசி எத்தனை சுற்றுகளில் பங்கேற்கும். மூன்றாவதை எவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு சுற்றும் கசிவைக் கூட்டுகிறது என்பதால் அதுதான் முக்கியம். கைப்பேசியிலிருந்து முகமூடியின்றிப் போகும் மாற்றத்தைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனிநபர் தரவாகவே நடத்த வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

இப்படிக்கு,
கணினிப் பொறியாளர்கள் இருவர்,
தோ பாயோ