ரைக்ஸ் அருங்காட்சியக வழிகாட்டி அம்மையாருக்கு நன்றி

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தை என் மாமியாருக்கும் எனக்கும் தனியாகச் சுற்றிக் காட்டிய அம்மையாருக்கு இந்த நன்றி. பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அத்தைக்கு முழங்கால் வலி. கேட்காமலேயே மடக்கு நாற்காலி கொண்டுவந்து, சுற்றில் பாதியைக் குறைத்து, ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டார். தளபதியின் கை நிழல் பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் மேலாடையில் விழுவதைக் காட்டி, “இருட்டில் இப்படி நிழல் விழுமா?” என்று கேட்டார். பகலை இரவாக்கியது கறுத்துப்போன வார்னிஷ்தானாம். 1715-இல் நகர மன்றத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவே பொருந்தவில்லை என்று ஓவியத்தின் நான்கு பக்கமும் நறுக்கியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் நின்றவர்கள் அதோடு போயினர். “படுபாவிகள்!” என்றார் அத்தை. எனக்கும் அதே கருத்துதான்.

நேரம் முடிந்த பிறகும் ஆசியக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சோழர் கால நடராசரைக் காட்டினார். சிலையை அது ஏற்றப்பட்டிருந்த லாரியோடு சேர்த்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அது உள்ளே வெற்றிடமில்லாத கன வார்ப்பு என்று தெரிந்ததாம். அத்தைக்கு அதில் அப்படியொரு பெருமை!

கூடுதல் நேரத்துக்குப் பணம் நீட்டியபோது மறுத்துவிட்டார். நன்றியையாவது மறுக்காமல் இருக்கட்டும்.