குஞ்சுவுக்கு, வியாழக்கிழமை பற்றி

முரசுமோட்டை,
ஆடி, ஞாயிறு இரவு

அன்பின் குஞ்சு,

நாங்கள் சுகம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மன் துணை. சோளகம் பேய்க்காற்றாய் அடிக்கிறது, முற்றமெல்லாம் புழுதி. சிறுபோகம் பரவாயில்லை, இரணைமடுத் தண்ணீர் கடைசிவரை வந்தது. தம்பி மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டான்; அவன் வீடு வந்து சேரும்வரை எனக்கு நித்திரை இல்லை. உன் முறிகண்டிக் கச்சானைச் சங்கக்கடை மாமியின் மருமகளிடம் கொடுத்துவிட்டேன், ஆவணியில் வருவா. புதினம் இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியக்கா எல்லாம் சொல்லிவிட்டா. அவவோடு சண்டைக்குப் போகாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். நீ இரவில் நித்திரை கொள்ளுவதில்லையாம். டொக்டர் உன்னை ஒரு உளச்சிகிச்சைக் குழுவுக்குப் போகச் சொன்னாராம். வியாழக்கிழமை பின்னேரம், தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நீ "செத்தாலும் போகமாட்டன்" என்றாயாம். இதைப் போனில் கதைத்தால் "சரி சரி, பிறகு கதைப்பம்" என்று வெட்டிவிடுவாய். வலைப்பந்து விளையாட்டில் அடி விழும்போல இருந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறவள்தானே நீ! கடிதத்தை வெட்ட முடியாது. தம்பியின் பழைய கொப்பியில் ஒற்றை கிழித்து எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

முதலில் ஒரு உண்மை. நானும் போகிறேன், குஞ்சு. இரண்டு வருடம் ஆகிறது. கடந்த ஆறு மாதமாக அதில் துணை வழிநடத்துநராகப் பழகவும் செய்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை கதைக்கும் உனக்கு இதை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் இந்தக் கடிதத்தில் வரும்.

உன் பயம் எனக்குத் தெரியும். ஊர்ச்சனம். அங்கே வாய் திறந்தால் விடிய லண்டன் ஹரோவில் கேட்கும், மத்தியானம் கிளிநொச்சிச் சந்தையில் கேட்கும். எனக்கும் அதே பயம்தான். இங்கே இன்னும் மோசம். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற ஆட்கள். ஆனால் ஒன்றைக் கவனி: இரண்டு வருடமாக நான் உன்னோடு கதைத்திருக்கிறேன், எங்கள் குழுவில் இருக்கிற ஒருவரைப் பற்றியாவது உன் காதுக்கு ஒரு சொல் வந்ததா? முதல் நாளே எல்லோரும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. உள்ளே கேட்டது உள்ளேயே. வீதியில் கண்டால்கூட அங்கே கதைத்ததை எடுக்கக் கூடாது. ஆகவே இந்தக் கடிதத்திலும் என் கதை மட்டும்தான் இருக்கும். ஒரே ஒரு ஆச்சியின் ஒரே ஒரு வசனம் வரும். அதை உனக்கு எழுதலாமா என்று போன செவ்வாய் ஆச்சியிடம் கேட்டு, "எழுது பிள்ளை" என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

2010இல் நாங்கள் முகாமிலிருந்து வந்த கையோடு ஒரு நிறுவனம் வந்தது. ஒரே நாள். மரத்தின் கீழே ஐம்பது பேரை இருத்தி, நடந்ததைச் சொல்லுங்கோ, அழுங்கோ என்றார்கள். சனம் அழுதது. படம் எடுத்தார்கள், சாப்பாட்டுப் பார்சல் தந்தார்கள், போனார்கள். அன்றிரவு எங்கள் வரிசையில் பல கொட்டில்களில் விளக்கு அணையவில்லை. பிறகு அவர்கள் வரவே இல்லை. குழு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் அதுதான். புண்ணைத் திறந்தவன் மருந்து கட்டும்வரை நிற்க வேண்டாமா?

இது அப்படி இல்லை. தலையிடி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாம் சோதித்து ஒன்றும் இல்லை என்ற பிறகு, உளவளத்துணையாளரிடம் அனுப்பினார்கள். அவர் மூன்று தரம் என்னைத் தனியே சந்தித்தார். எல்லோரையும் அள்ளிக் கொண்டுபோய் இருத்துவதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் உடனடியாக இருக்கிறவர்கள், காதில் குரல் கேட்கிறவர்கள், சாவீடு நடந்து சில நாளே ஆனவர்கள், இவர்களை முதலில் தனியாகப் பார்ப்பார்கள், மருந்து தேவையென்றால் கொடுப்பார்கள், தக்க நேரம் வந்தால் குழுவுக்குக் கூட்டிவருவார்கள். ஏழெட்டுப் பேர்தான் அளவு. அதற்கு மேலே போனால் ஒளிந்துகொள்ள இடம் வந்துவிடும், மிகக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் வட்டம் உடைந்துவிடும். ஒன்றரை மணித்தியாலம், ஒரே நாள், ஒரே இடம், அதே முகங்கள். நீ குடிக்கிற குளிசையை இதற்காக நிறுத்தத் தேவையில்லை. டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

எங்கள் இடம் ஒரு பாலர் பாடசாலை. கதிரைகள் எல்லாம் முழங்கால் உயரம், ஆகவே பாய் விரித்து இருப்போம். சுவரில் அரிச்சுவடிப் படங்கள். நான் வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நேரெதிரே "அ - அம்மா". நாலு மாதம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், குஞ்சு.

அந்த நாலு மாதமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தேத்தண்ணீர் ஊற்றினேன். வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தலில் கொண்டுபோய், எல்லோருக்கும் ஊற்றி, சீனி கேட்டு, யாராவது அழுதால் முதுகு தடவி, என் முறை வந்தால் "எனக்கென்ன, நான் நல்லா இருக்கிறன்" என்றேன். என்னை நீ அறிவாய்தானே. வீட்டிலும் அதுதான், ஊரிலும் அதுதான். இங்கேதான் இந்தச் சிகிச்சையின் சூட்சுமம் இருக்கிறது. வெளியே எப்படி நடக்கிறோமோ, கொஞ்ச நாளில் அந்த வட்டத்துக்குள்ளும் அப்படியே நடக்கத் தொடங்கிவிடுவோம். சண்டை பிடிக்கிறவர் அங்கேயும் சண்டை பிடிப்பார். எல்லோரையும் தாங்குகிறவள் அங்கேயும் தாங்குவாள். தனியே டொக்டரிடம் போனால் நான் என்னைப் பற்றிச் சொல்வதுதான் அவருக்குத் தெரியும். குழுவிலோ எட்டுப் பேர் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஒரு நாள் ஆச்சி கோப்பையைக் கையில் வாங்கவில்லை. "பிள்ளை, நீ தாற தேத்தண்ணி எனக்கு வேண்டாம். நாங்கள் எல்லாரும் உனக்கு முன்னால உரிஞ்சுபோட்டு நிக்கிறம், நீ மட்டும் சேலை கட்டிக்கொண்டு நிக்கிறாய்" என்றார். அவர் எழுதச் சொன்ன வசனம் இதுதான். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். அடுத்த கிழமை போகவில்லை. உளவளத்துணையாளர் போன் எடுத்தார். சமாதானம் பேசவில்லை, "அந்தக் கோபத்தையும் கொண்டு வாங்கோ, அதுக்கும் அங்க இடம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கொண்டுபோனேன். ஆச்சியோடு முகத்துக்கு முகம் சண்டை பிடித்தேன். வளர்ந்த பிறகு நான் ஒருவரோடு சண்டை பிடித்து, அதற்குப் பிறகும் அவர் எழும்பிப் போகாமல் அதே பாயில் இருந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சண்டையின் நடுவில்தான் அம்மாவின் கதை வாயில் வந்தது.

உனக்கு நான் சொன்னது, 2009 சித்திரையில் மாத்தளனில் ஷெல் பட்டு அம்மா போய்விட்டா என்று. அது உண்மை. மிச்சத்தைச் சொல்லவில்லை. அம்மா உடனே போகவில்லை. பங்கருக்குள் விடியும்வரை கிடந்தா. தண்ணீர் கேட்டா. என்னிடம் அரைப் போத்தல் இருந்தது. தம்பிக்கு அப்போது நாலு வயது, காய்ச்சல். நான் "இல்லையம்மா" என்றேன். மூன்று தரம் கேட்டா, மூன்று தரமும் இல்லையென்றேன். விடிய அம்மாவை அந்த மண்ணிலேயே மூடிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலேரியைக் கடந்தேன். ஒரு தேவாரம் பாடவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் நான் முதலில் தண்ணீர் கொடுப்பேன். அது ஏன் என்று அந்தப் பாயில் இருந்து சொல்லும்வரை எனக்கே தெரியாது.

சொல்லி முடித்ததும் ஒருவரும் கதைக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை, "நீங்கள் என்ன செய்யிறது" என்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே யாரோ உழவு இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு வட்டத்தில் ஒருவர் "எனக்கும்" என்றார். அவ்வளவுதான் உனக்கு எழுதலாம். அதற்குப் பிறகு வந்தது அவருடையது. ஆனால் அந்த "எனக்கும்" என்ற ஒரு சொல் எனக்கு என்ன செய்தது என்று சொல்வேன். பெற்ற தாய்க்குத் தண்ணீர் கொடுக்காதவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று 15 வருடம் நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவள் விடிய ஆறு மணிக்குத்தான் எழும்பினேன்.

பயிற்சியில் படித்தபோது இதற்கெல்லாம் பெயர் இருப்பது தெரிந்தது. இர்வின் யாலொம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், குழு எப்படிக் குணமாக்குகிறது என்று பார்த்து 11 காரணிகளை வகுத்திருக்கிறார். "எனக்கு மட்டும் இல்லை" என்ற அறிதல் அதில் ஒன்று. தன்னைவிட முன்னால் போனவரைப் பார்த்து வருகிற நம்பிக்கை இன்னொன்று. மற்றவருக்கு உதவும்போது தனக்கே கிடைக்கிற பலம் இன்னொன்று. என்னை உடைத்ததே ஆச்சிதான், அது அவருக்கு என்ன கொடுத்தது என்பதை அவர் முகத்தில் கண்டேன். யாலொம் தன் குழுக்களில், பெயர் போடாமல் உங்கள் பெரிய இரகசியத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டாராம். அதிகமாக வந்தது களவோ கள்ளக்காதலோ இல்லை. "நான் அடிப்படையில் ஒன்றுக்கும் உதவாதவன், உண்மையில் என்னை அறிந்தால் விலகிவிடுவார்கள்" என்ற எண்ணம்தான். வாசித்தபோது உன்னை நினைத்தேன். கோபிக்காதே, என்னையும்தான்.

அழுது கொட்டினால் போதும் என்று நினைக்காதே. கொட்டுவது கொஞ்சம்தான். கொட்டிய பிறகும் அதே ஆட்கள் அடுத்த கிழமை உன்னைப் பார்த்துச் சிரித்து இடம் விட்டு இருப்பதுதான் வேலை செய்கிறது. எங்கள் சாவீட்டு ஒப்பாரியை எண்ணிப் பார். பெண்கள் வட்டமாக இருந்து, தோளைக் கட்டிப் பிடித்து, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் தொடர்வது. எட்டாம் நாள், அந்தியேட்டி என்று சடங்குகளுக்குச் சனம் திரும்பத் திரும்ப வரும். அதைத்தான் எங்களிடமிருந்து பறித்தார்கள். உடல் இல்லை, வீடு இல்லை, அழுவதற்கு நேரம் இல்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஆள் காயம் என்பதோடு நிற்கவில்லை, சனத்துக்குள் இருந்த நம்பிக்கையே அறுந்துபோனது. கூட்டமாகப் பட்ட காயத்தை ஒவ்வொருவரும் தனி அறையில் வைத்து ஆற்றுவது எப்படி?

இன்னொன்று. நீ இருக்கிற பேர்மிங்காமில்தான் இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. நோர்த்ஃபீல்ட் உனக்குக் கிட்டவா? இரண்டாம் உலகப் போரில் அங்கே ஒரு இராணுவ ஆஸ்பத்திரி இருந்தது. போரில் மனம் உடைந்த சிப்பாய்கள் நிறைந்துபோக, ஒவ்வொருவராகப் பார்க்க டொக்டர்மார் போதாமல், பியோன், ஃபூக்ஸ் போன்றவர்கள் ஆட்களைக் குழுவாக இருத்திப் பார்த்தார்கள். அதற்கும் முன்னால் 1905இல் பொஸ்டனில் ஜோசப் பிராட் என்ற டொக்டர் ஏழைக் காசநோயாளரைக் கிழமைக்கு ஒருக்கால் கூட்டி வகுப்பு நடத்தினார். நோயைப் பற்றிப் படிப்பிக்கத்தான் கூட்டினார். ஆனால் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அவர்களைத் தேற்றியது. ஆள் போதாமல் தொடங்கிய ஒன்று, இப்போது பல நோய்களுக்குத் தனியாகப் பார்ப்பதற்கு ஈடாக வேலை செய்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இளக்காரமான இரண்டாந்தர வைத்தியத்துக்கு உன்னை அனுப்புகிறார்கள் என்று நினையாதே.

இனி காணாமல்போன உன் அண்ணாவைப் பற்றி. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் கடிதம் பொய். உன் அம்மா கடைசிவரை இரவுச் சாப்பாட்டில் ஒரு கோப்பை மூடி வைத்தா. போன வருடம் அவவும் போனபிறகு அந்தக் கோப்பை உன் கைக்கு வந்துவிட்டது. செத்தார் என்று திவசம் செய்யவும் முடியாது, இருக்கிறார் என்று காத்திருக்கவும் முடியாது. உறவினர் "இனி விடு" என்பார்கள். விட்டால் துரோகம்போல இருக்கும். 2017 மாசி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டம் இருக்கத் தொடங்கியபோது நானும் சில நாள் போனேன். அவர்கள் நீதி கேட்டு இருந்தார்கள், சிகிச்சைக்கு இல்லை, இரண்டையும் நான் குழப்பமாட்டேன். ஆனால் அங்கே ஒருவரும் மற்றவரைப் பார்த்து "இனி விடு" என்று சொன்னதை நான் கேட்கவில்லை. உன் வியாழக்கிழமைக் குழுவிலும் அப்படி ஒருவராவது இருப்பார்.

முதல் நாலைந்து தடவை கஷ்டமாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது போனதைவிடப் பாரமாக இருக்கும். மூன்றாம் கிழமை நிறுத்திவிடலாம் என்று தோன்றும், அதை அங்கேயே சொல்லு. வழிநடத்துகிறவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு வேலை தெரியாது என்று எண்ணாதே, இடம் விடுகிறார். யாராவது உள்ளே கேட்டதை வெளியே கதைத்தால் அதை வட்டத்தில் வைத்துக் கேள். அப்படியும் சரிவராவிட்டால் வேறு குழு பார்ப்போம், நானே பெரியக்காவோடு கதைக்கிறேன். முதல் நாள் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு இரு. தேத்தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுக்காதே.

தம்பி வந்துவிட்டான், படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. உனக்குப் பின்னேரம் ஆறு என்றால் எனக்கு இரவு பத்தரை. குழு எத்தனை மணிக்கு என்று எழுது. முடிந்ததும் பஸ்ஸில் ஏறமுதல் ஒரு மிஸ்டு கோல் தா, என்ன நடந்தது என்று நான் கேட்கமாட்டேன்.

உன்,
நெட்டை